பார்த்தாலே படித்துவிடுகிறது

ஆவணப்படத்தில் இயக்குநர் ஷர்மிளாவுக்கு ஒரே ஒரு காட்சிதான் பாக்கி. இப்போது கதைப்புத்தகங்களை மூச்சுவிடாமல் வாசிக்கும் ஒன்பது வயது வினோதினி, எழுத்துத் தெரியாத காலத்தில் பேருந்துப் பலகையைப் பார்த்து எப்படி விழித்தாள் என்று நடித்துக் காட்ட வேண்டும். பேருந்து நிலையத்துக்குள் ஆறு வண்டிகள் வந்து திரும்பிவிட்டன. ஒவ்வொரு முறையும் அவள் உதடுகள் தாமாக ஊர்ப்பெயரை முணுமுணுத்தன.

"முடியல மேடம். பாத்தாலே படிச்சிடுது," என்றவள், அம்மாவிடம் திரும்பினாள். "நீ எப்படிம்மா பாப்ப?"

செங்கல் சூளையிலிருந்து நேராக வந்திருந்த, எழுத்துத் தெரியாத தனபாக்கியம் வெட்கப்படவில்லை. "நான் எதுக்குடி போர்டப் பாக்கறேன்? எறங்குற ஜனத்தத்தான் பாப்பேன். மீன்கூடை எறங்குனா கடலூர்லேருந்து வந்த வண்டி, திரும்ப அங்கதான் போவும். வக்கீலுங்க எறங்குனா விழுப்புரம். இருவது வருசத்துல ஒருநாளும் வண்டி மாறி ஏறுனதில்ல."

ஷர்மிளா கையிலிருந்த காட்சித்தாளை மடித்துப் பையில் போட்டாள். கேமரா மெல்லத் தனபாக்கியத்தின் பக்கம் திரும்பியது.

அடுத்த பேருந்து உள்ளே நுழைந்தது. வினோதினி நெற்றியில் கைவைத்துப் பலகையை மறைத்துக்கொண்டு, அம்மா பார்க்கும் படிக்கட்டையே பார்த்தாள். தனபாக்கியம் ஊர்ப்பெயரைச் சொல்ல வாயெடுத்தாள்.

"சொல்லாதம்மா," என்றாள் மகள். "நானே படிக்கிறேன்."