அதிக பாரம்

பொறுப்பு என்பது மலை, அதைத் தோளில் தாங்குகிறவன்தான் மனிதன் என்று சொல்லி மேசையை ஓங்கித் தட்டினார் தலைமைப் பொறியாளர்.

தட்டிவிட்டு, அறையில் யாருடைய தோள் காலியாக இருக்கிறது என்று சுற்றிலும் பார்த்தார்.

இருந்ததே இரண்டு பேர். ஒருவர் பாலத்தைக் கட்டிய ஒப்பந்ததாரர். தலைமைப் பொறியாளரின் மனைவிக்குக் கூடப்பிறந்த தம்பி. மற்றவர் உதவிப் பொறியாளர். யாருக்கும் எந்த உறவும் இல்லாதவர்.

நாளை மறுநாள் திறக்க வேண்டிய பாலம் காலையில் ஆற்றுக்குள் விழுந்துவிட்டது. நடுப்பகுதி மட்டும்தான், நடுப்பகுதி மட்டும்தான் என்று மைத்துனர் அப்போதிலிருந்து சொல்லிக்கொண்டிருந்தார். மீதி நிற்பதற்கு யாராவது பாராட்டுவார்கள் என்று எதிர்பார்த்தார்போல.

கூடவே ஒரு லாரியும் விழுந்தது. ஓட்டுநருக்கு இரண்டு காலும் நொறுங்கிவிட்டன. உயிர் இருக்கிறது.

கீழே இன்ஸ்பெக்டர் காத்திருந்தார். அவருக்கு ஒரு பெயர் வேண்டும். பொழுது சாய்வதற்குள் யாரையாவது உள்ளே தள்ளாவிட்டால் ஊர் வாயை மூட முடியாது.

முதலில் ஆற்றின்மேல் போட்டுப் பார்த்தார்கள். ஆற்றில் கணுக்கால் நனையத் தண்ணீர் இல்லை. அப்புறம் வெயில். பழைய பாலத்தின்மேலும் அதே வெயில்தான் அடிக்கிறது. அது விழுந்து தொலைக்காமல் நிற்கிறது.

மைத்துனர் பிஸ்கட்டை டீயில் தோய்த்தார். பாதி உடைந்து உள்ளே விழுந்தது. விரலை விட்டுத் துழாவி எடுத்து நக்கிக்கொண்டார்.

உண்மை மூவருக்கும் தெரியும். காங்கிரீட் இறுகுவதற்குள் அடியில் கொடுத்திருந்த முட்டுகளை உருவிவிட்டார்கள். விழாவில் படம் எடுக்கும்போது அசிங்கமாகத் தெரியுமாம்.

"முட்ட எடுக்கச் சொன்னது நீங்கதான அத்தான்," என்றார் மைத்துனர்.

அலுவலகத்தில் எப்போதும் "சார்"தான். "அத்தான்" என்று வந்தால் தப்பிக்க வழி தேடுகிறார் என்று பொருள்.

"படத்துல தெரியக் கூடாதுன்னுதான் சொன்னேன். பாலம் நிக்கக் கூடாதுன்னா சொன்னேன்?"

மச்சான் தயவிருந்தால் மலையேறிப் பிழைக்கலாம் என்று சொல்லிவைத்திருக்கிறார்கள். பாலம் ஏறுவதைப் பற்றி ஒன்றும் சொல்லிவைக்கவில்லை.

மைத்துனர் உள்ளே போனால் வீட்டில் சோறு கிடைக்காது. உதவிப் பொறியாளர் உள்ளே போனால் வாயைத் திறப்பார். தலைமைப் பொறியாளர் கண்ணை மூடிக்கொண்டார். ஞானம் பிறக்கப்போகிற முகம்.

"லாரி," என்றார். பிறந்துவிட்டது.

"தொறக்காத பாலத்துல எவன் ஏறச் சொன்னான் அவன? ஏறினதே தப்பு. அதுலயும் அளவுக்கு மேல பாரம். பாலம் என்ன பண்ணும், பாவம்."

உதவிப் பொறியாளர் தொண்டையைச் செருமினார். "சார், அந்த லாரி வந்து..."

"வந்துச்சுல்ல? அதத்தான் நானும் சொல்றேன்."

மைத்துனரின் முகத்தில் ரத்தம் திரும்பியது. "கரெக்ட் சார்," என்றார்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். இரண்டையும் தனித்தனியே குடிவைத்துவிட்ட நிம்மதியில் தலைமைப் பொறியாளர் மூக்கைச் சிந்தி, சன்னல் திரையில் விரலைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

நடையில் ஓட்டுநரின் மனைவி உட்கார்ந்திருந்தாள். புருஷனின் லைசென்ஸை எடுத்து வரச் சொன்னார்கள் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஓடி வந்திருந்தாள். இவரைக் கண்டதும் எழுந்து நின்றாள்.

"அவருமேல கேஸு எதுவும் வராதுங்களே?"

"பயப்படாதம்மா. தப்பு செஞ்சவன் யாரா இருந்தாலும் நான் விடமாட்டேன்."

அவள் நன்றி சொன்னாள். அவர் அதையும் வாங்கிக்கொண்டு படியிறங்கினார்.

கீழ்க் கூடத்தில் நிருபர்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தார்கள். தலைமைப் பொறியாளர் மைக்கின் முன்னால் தலையைத் தாழ்த்தி, துக்கத்துக்கு எவ்வளவு நேரம் தேவையோ அவ்வளவு நேரம் நின்றார்.

"இந்த விபத்துக்கான முழுப் பொறுப்பையும்..." குரல் தழுதழுத்தது. எல்லாரும் பேனாவை எடுத்தார்கள். "...லாரி ஓட்டுநரே ஏற்க வேண்டும்."

அளவுக்கு மீறிய பாரம், ஏறக் கூடாத பாலம், பொதுச்சொத்தின்மேல் கொஞ்சமும் அக்கறை இல்லாத மனம் என்று அடுக்கினார். இன்ஸ்பெக்டர் எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தொப்பியை எடுத்தார். பின்னால் நின்ற உதவிப் பொறியாளர் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"லாரில என்னதான் சார் இருந்துச்சு?" என்றாள் முன்வரிசை நிருபர்.

அதை அவர் யாரிடமும் கேட்டிருக்கவில்லை. ஆனால் அசரவில்லை.

"இப்போ கிரேன் வெச்சுத் தூக்கிட்டு இருக்காங்க. அந்த டிவியப் பெருசா வைங்கப்பா. எவ்வளவு பாரம்னு எல்லாரும் கண்ணால பாக்கட்டும்."

சுவரில் இருந்த டிவியில் ஆற்றங்கரை நேரலையில் ஓடிக்கொண்டிருந்தது. எல்லாக் கழுத்தும் அந்தப் பக்கம் திரும்பியது. தொப்பி வைத்த கழுத்தும்தான்.

இரும்புக் கயிற்றில் மெல்லச் சுழன்றபடி மேலே வந்தது ஒரு கறுப்புக் கல். லாரியில் வேறு எதுவும் இல்லை.

அது திறப்பு விழாக் கல்வெட்டு.

முந்தின நாள் அதைப் பார்வையிட்டபோது தலைமைப் பொறியாளரின் பெயர் விடுபட்டிருந்தது. அக்கரையில் உள்ள கல்வெட்டுக்காரரிடம் அனுப்பி, பெயரைச் சேர்த்து, எந்த வழியாக வந்தாலும் சரி, காலையில் கல் இங்கே இருந்தாக வேண்டும் என்று உதவிப் பொறியாளரிடம் சொல்லியிருந்தார்.

கல் ஒரு சுற்றுச் சுற்றி கேமராவின் பக்கம் திரும்பி நின்றது.

புதிதாக வெட்டிய எழுத்துகள் மற்றவற்றைவிட வெள்ளையாக இருந்ததால், கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கும் படிக்க முடிந்தது.