முக்காடு

எல்லாரும் ஒரே நாட்டுப் பிள்ளைகள், இனி யார் தலையிலும் துணி இருக்கக் கூடாது என்று பள்ளிக்கூடத்தில் உத்தரவு போட்டார்கள். வாசலில் நின்று கழற்றி வாங்கும் வேலை ஜெபக்கனி டீச்சருக்கு. ஏழாம் வகுப்பு சபூரா தன் முக்காட்டை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"இதைப் போட்டா நான் இந்த நாட்டுப் பிள்ளை இல்லையா டீச்சர்?"

"வாயாடாம குடுத்துட்டுப் போடி."

சபூரா தாடைக்கடியில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றினாள். துணியை மடித்துக் கையில் வைத்தபடியே டீச்சர் மைதானத்துக்கு வந்தாள். கொடி ஏறியது. அடுத்து மௌனப் பிரார்த்தனை என்றார் தலைமையாசிரியர்.

ஞாயிறுதோறும் சர்ச்சில் பழகிய கை சும்மா இருக்குமா? ஜெபக்கனி கண்ணை மூடியதும் அது பாட்டுக்கு முந்தானையை இழுத்துத் தலையில் போட்டுவிட்டது.

கண்ணைத் திறந்தபோது பள்ளிக்கூடமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"டீச்சர், தலையில..." என்றார் தலைமையாசிரியர் மெதுவாக.

அவள் கை முந்தானை வரை போய் நின்றது. வரிசையில் சபூரா வெறுந்தலையோடு, சிரிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உதட்டைக் கடித்துக்கொண்டிருந்தாள்.

டீச்சர் முந்தானையை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, மடித்த துணியோடு அவளை நோக்கி நடந்தாள்.