வேலிக்கு அந்தப் பக்கம்

வேலிக்கு அந்தப் பக்கம் இன்றும் மீன் பொரிந்தது. மணி சரியாகப் பன்னிரண்டு.

டயனாவுக்கு நாக்கு அரித்தது. சொல்லவும் வழியில்லை. தவக்காலம் முடியும்வரை யாரையும் குறை பேசுவதில்லை என்று கடதாசித் துண்டில் எழுதி, கோயில் பீடத்தில் வைத்துவிட்டு வந்திருந்தாள். போதாததற்கு, வீட்டில் நாற்பது நாளும் மத்தியானச் சாப்பாடு கிடையாது என்றும் சட்டம் போட்டிருந்தாள்.

புருஷன் முற்றத்தில் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தான். டயனா அவனருகே போய் நின்றாள்.

"நான் ஒருத்தரையும் சொல்லேல்ல. ரம்ழான் நோன்பு மாதத்தில வேலிக்கு அந்தப் பக்கம் மூணு நாளா மத்தியானத்தில மீன் பொரியுது. அவ்வளவுதான்."

"அந்தப் பக்கம் உம்மு குல்சூம் ராத்தா வீடு மட்டும்தானே இருக்குது."

"பேரை நீங்கதான் சொன்னீங்க."

"பிள்ளைகளுக்கா இருக்கும்."

"பிள்ளைகள் எல்லாம் கொழும்பில. இங்க இருக்கிறது புருஷனும் பெண்சாதியும்தான். ரெண்டு பேரும் நோன்பெண்டு ஊருக்கே தெரியும்."

அவன் மூக்கை உறிஞ்சினான். "பாரை மீன் போல."

"உங்களுக்கு அதுதான் கவலை. மாமாவைப் பாருங்க. எழுபத்தெட்டு வயசு. பன்னிரண்டு அடிக்க முந்தியே செபமாலையை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போயிடுறார். முகத்தில எவ்வளவு தெளிவு."

"அப்பாவுக்குச் சீனி வருத்தம், மருந்து குடிக்கிறவர். வயசாளிகளும் வருத்தக்காரரும் சாப்பாட்டை விடத் தேவையில்லையெண்டு ஃபாதர் சொன்னவரே."

"ஃபாதர் ஆயிரம் சொல்லுவார். மாமாவே மறுக்கேல்ல, உங்களுக்கென்ன?"

அவன் குனிந்து வலையைப் பார்த்துக்கொண்டான்.

கண்ணால் பார்ப்பது குறை பேசுவதில் சேராது என்று டயனாவுக்குத் தோன்றியது. கறிக்குப் போட ரம்பை இலை கேட்கிற சாட்டில் வேலிக் கடப்பால் நுழைந்து, குசினி வாசலில் போய் நின்றாள்.

அகப்பையோடு நின்ற உம்மு குல்சூம் திடுக்கிட்டு, கதவைப் பாதி சாத்தினாள்.

"ரம்பையா? நீங்க முன்பக்கம் நில்லுங்க, நான் கொண்டாறன்."

"பரவாயில்ல ராத்தா, நானே பிடுங்குறன்." டயனா கழுத்தை நீட்டி உள்ளே எட்டிப் பார்த்தாள். பிடிபட்டாள் மனுசி என்று உள்ளுக்குள் ஒரு சந்தோசம்.

கதவுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "பிள்ளை, இன்னும் ஒரு துண்டு இருக்குதா?"

பழகின குரல். கதிரையில் மாமா இருந்தார். மடியில் சோற்றுக் கோப்பை. செபமாலை கழுத்தில் கிடந்தது.

உம்மு குல்சூம் டயனாவின் கையைப் பிடித்து ஓரமாக இழுத்தாள்.

"கோவிக்காதீங்க. திங்கக்கிழமை கோயிலுக்குப் போறவர் எங்கட வாசல்ல தலை சுத்தி விழுந்திட்டார். சோறு குடுத்த பிறகுதான் தெம்பு வந்தது. மருமகள் ஆசையாப் பிடிக்கிற தவசு, அவட மனசு நொந்திடும், சொல்லிடாதீங்கெண்டு கெஞ்சுறார். நான் என்ன செய்ய?"

உம்மு குல்சூமின் உதடுகள் காய்ந்து வெடித்திருந்ததை டயனா அப்போதுதான் கண்டாள்.

உம்மு குல்சூம் அகப்பையில் கொஞ்சம் குழம்பை அள்ளி நீட்டினாள்.

"மூணு நாளா உப்புச் சரியில்லையெண்டு முகம் சுளிக்கிறார். நான் நோன்பு, நாக்கில வைக்க மாட்டன். வந்ததுக்கு இதை ஒருக்காப் பாத்துச் சொல்லுங்க."