வரிசைக் காவலன்

"ஏய், ஏய்! எங்கம்மா நுழையற? வரிசை கண்ணுக்குத் தெரியலையா?"

லியாங் இரண்டு கையையும் விரித்து மறித்தான்.

ரத்தம் எடுக்கும் ஜன்னல் முன்னால் நாற்பது பேர். காய்ச்சல் குழந்தையின் விரலில் குத்தி, கிருமி எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்த்த சீட்டு இல்லாமல் டாக்டர் முகம் கொடுத்தே பேசமாட்டார். மனைவியையும் இரண்டு வயது மகள் மெய்யூனையும் கடைசி பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, சீனாவின் லான்சோ நகரக் குளிரில் விடிந்ததிலிருந்து நிற்கிறான். இன்றைக்கு ஒரு ஈயைக்கூட முன்னால் விடுவதில்லை என்று கங்கணம் கட்டியிருந்தான்.

வந்தவள் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற சூ. தன் பஞ்சுக் கோட்டுக்குள் ஒரு குழந்தையைத் தலையோடு கால் மூடி அணைத்திருந்தாள்.

"விடுண்ணே. பிள்ளை அழவே மாட்டேங்குது."

"அழலன்னா நல்லதுதானே! ராத்திரி பூரா கத்தின என் பொண்ணே இப்பத்தான் சமர்த்தா தூங்கறா. நீ இங்க வேலை பார்த்தா, உன் சொந்தக்காரங்களுக்கு மட்டும் கொல்லைப்புற வழியா?"

"அதானே! வெட்கங்கெட்ட பொழப்பு!" வரிசையும் சேர்ந்துகொண்டது.

"திட்டறதை அப்புறமா திட்டிக்கோங்க!"

தோளால் அவனை இடித்துத் தள்ளிக்கொண்டு சூ ஜன்னலுக்குப் போய்விட்டாள். என்ன நெஞ்சழுத்தம்!

"பதிவுச் சீட்டு எங்க? பேரு?" என்றாள் நர்ஸ்.

"சீட்டும் இல்ல, பேரும் தெரியாது. முதல்ல குத்தும்மா!"

"பேர்கூடத் தெரியாதாமே!" லியாங் எகத்தாளமாகச் சிரித்தான்.

நர்ஸ் குத்தினாள். அந்தப் பிஞ்சு விரல் கொஞ்சமும் இழுத்துக்கொள்ளவில்லை. நர்ஸுக்கு முகம் வெளுத்துவிட்டது. ஜன்னலைச் சாத்திவிட்டு, சூவையும் இழுத்துக்கொண்டு அவசரப் பிரிவுக்கு ஓடினாள்.

வரிசை கொதித்தது. லியாங் புகார்ப் புத்தகத்தை வாங்கி, நர்ஸ், சூ இருவர் மீதும் ஒரு பக்கம் புகார் எழுதிக் கையெழுத்தும் போட்டான்.

கால்மணி கழித்து சூ மூச்சிரைக்க வந்தாள்.

"அழுதுடுச்சுண்ணே! மருந்து ஏத்தினதும் வீல்னு அழுதுடுச்சு! ரத்தத்துல கிருமி கலந்துடுச்சாம். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா கை மீறிப் போயிருக்கும்னு டாக்டர் சொல்றார்."

"உன் வீட்டுப் பிள்ளை பொழைச்சாப் போதும். எங்க பிள்ளைங்க எக்கேடு கெட்டா உனக்கென்ன?"

"என் வீட்டுப் பிள்ளையா? நல்லா இருக்கே கதை! கடைசி பெஞ்சுல ஒரு பொண்ணு, சுடுதண்ணி பிடிச்சுட்டு வரேன்னு என் கையில கொடுத்துட்டுப் போச்சு. இப்ப உள்ள பிள்ளை பக்கத்துல உட்கார்ந்து அழுதுட்டிருக்கு. அவ வீட்டுக்காரர் இந்த வரிசையிலதான் நிக்கறாராம். லியாங்னு பேராம்... யாருண்ணே அது?"