பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு

பன்னிரண்டாவது படத்தையும் ஜெர்லின் சரியாத் தொட்டுட்டா.

எனக்குக் கையைத் தட்டணும்போல இருந்துச்சு. காலேஜ் ரூமாச்சேன்னு முந்தானையைக் கசக்கிட்டு உக்காந்திருந்தேன்.

என் மக அவ, ஒம்பது வயசு. பேச்சு வராது. சொன்னது புரிய நேரமாகும். எங்க ஊர் ஹெட்மாஸ்டர் வாசல்லயே நிக்க வச்சுச் சொல்லிட்டாரு: "ஒண்ணுக்கு வந்தாலாவது கேக்கத் தெரியட்டும்மா. அப்புறம் பாக்கலாம்." எல்லாப் பிள்ளையையும் சேத்துக்கணும்னு அவருக்குப் பின்னாடி செவுத்துலயே எழுதியிருந்துச்சு.

சேலத்துல ஒரு காலேஜ்ல இந்த மாதிரிப் பிள்ளைங்களை வச்சு ஆராய்ச்சி பண்றாங்க, முடிஞ்சதும் பிள்ளைக்கு என்னென்ன தெரியும்னு கடுதாசி தருவாங்கன்னு சர்ச்சுல சிஸ்டர் சொன்னாங்க. காலேஜ் கடுதாசியைக் காட்டினா எந்த ஹெட்மாஸ்டர் வாயைத் திறப்பாரு?

ஒரு வருசம் வந்தேன். மாசம் ஒருக்கா, கொலுசுப் பட்டறைக்கு லீவு சொல்லிட்டு, பனமரத்துப்பட்டியில இருந்து ரெண்டு பஸ் மாறி.

பிரவீனா மேடம் பன்னிரண்டு படத்தை மேசையில பரப்புவாங்க. தாகமெடுத்தா எது, பசிச்சா எது, ஒண்ணுக்கு வந்தா எதுன்னு ஒவ்வொண்ணாக் கேப்பாங்க. ஜெர்லின் ஃபேனைப் பாத்துட்டிருப்பா. மேடம் எழுதிக்குவாங்க. கால் மணி நேரம்தான். "அடுத்த மாசம் வாங்க அக்சிலியா."

இது என்னடா பாடம், ஒருதரம் காட்டினா மண்டையில ஏறிடுமான்னு மொதல்ல எரிச்சலா வந்துச்சு. அப்புறம்தான் உறைச்சுது. பாடம் நடத்துறது அவங்க, படிக்க வைக்க வேண்டியது நாம. எந்தப் பள்ளிக்கூடத்துலதான் வேற மாதிரி?

படம் அத்தனையும் மனசுல வாங்கிட்டு வந்து, பழைய காலண்டர் அட்டையில வரைஞ்சேன். நான் வரைஞ்ச டம்ளர் சொம்பு மாதிரி இருக்கும். சமையக்கட்டுக் கதவுல சோத்துப் பருக்கையை நசுக்கி ஒட்டினேன். டம்ளரைத் தொட்டாத்தான் தண்ணி. அவ அழுவா. நானும் அழுவேன். "பிள்ளையைக் கொல்றியாடி"ன்னு எங்க ஊட்டுக்காரரு ராயப்பன் ஒருநாள் சட்டியைத் தூக்கி எறிஞ்சாரு. நான் விடலையே.

ஊட்டுல எல்லாம் செய்யறவ, இங்க வந்தா திரும்பவும் ஃபேனைப் பாப்பா. இன்னிக்குத்தான் கடைசி நாள். மாதாவே, இன்னிக்கு மட்டும்னு வேண்டிட்டு வந்தேன்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

மேடம் மூஞ்சியில சிரிப்பில்லை. பழைய தாளையெல்லாம் பொரட்டினாங்க. வீட்ல யாராவது சொல்லிக் குடுத்தீங்களான்னு கேட்டாங்க.

"நான்தானுங்க மேடம்!" காலண்டர் அட்டையில ஆரம்பிச்சுச் சோத்துப் பருக்கை வரைக்கும் ஒண்ணு விடாமச் சொன்னேன். வாய் சும்மா இருந்திருக்கணும். பெருமை யாரை விட்டுச்சு?

மேடம் ஒரு லிஸ்ட்டை எடுத்தாங்க. ஜெர்லின் பேரு மேல ஸ்கேல் வச்சுக் கோடு போட்டாங்க.

குரலைத் தாழ்த்தித்தான் சொன்னாங்க. கெட்டவங்க இல்லை. ஏ குரூப்புப் பிள்ளைங்களுக்கு வாரம் மூணு நாள் டீச்சரு, பயிற்சி எல்லாம் உண்டாம். பி குரூப்புக்கு எதுவும் கிடையாதாம். ஒண்ணுமே சொல்லிக் குடுக்காட்டிப் பிள்ளை எப்படி இருக்கும்னு பாக்கத்தான் பி குரூப்பாம். மொத நாள் நான் கையெழுத்துப் போட்ட தாள்லயே அது இருக்காம். ஜெர்லின் பி குரூப்பாம். இப்ப கத்துக்கிட்டதால அவ ஆராய்ச்சியில சேர்த்தி இல்லையாம்.

"ஏனுங்க மேடம், அப்ப அந்தக் கடுதாசி?"

"லிஸ்ட்ல பேர் இல்லாதவங்களுக்கு எப்படிம்மா தர முடியும்?"

அடப்பாவிகளா. எம் பிள்ளை மக்காவே இருந்திருந்தா, ஒண்ணும் தெரியாதுன்னாவது ஒரு கடுதாசி கிடைச்சிருக்கும்.

ஜெர்லின் என் சேலையை இழுத்தா. மேசை மேல கலைஞ்சு கிடந்த படத்துல ஒண்ணைத் தேடி எடுத்து, யாரும் கேக்காமலே என் கையில வச்சா.

கக்கூஸ் படம்.

வெளியிடத்துல அவ கேட்டது அதுதான் மொத தடவை.

மேடமும் பாத்தாங்க. பேனா கையிலதான் இருந்துச்சு. எதையும் எழுதாம மூடியைப் போட்டு வச்சுட்டாங்க.