போட்டது போட்டபடி

அருப்புக்கோட்டை ஜவுளிக்கடையின் கண்ணாடிக் கதவு வழியே வெயில் கம்ப்யூட்டர் வரை நீள்கிறது. கடையின் இணையதளத்துக்குள் நுழைய வேலையாட்கள் கொடுத்த பாஸ்வேர்டெல்லாம் மறைக்கப்படாமல், போட்டது போட்டபடியே டேட்டாபேஸில் கிடக்கிறது. முதலாளி ராஜகுரு அதைத் திறந்து ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்து நக்கலடிக்கிறார். "மாரிக்கண்ணனுக்குக் கொலசாமி பேரு. தங்கபாண்டிக்கு மச்சினி பேராம்ல!" சேலை மடிக்கும் கைகள் நின்றுவிடுகின்றன. சேலை மடிக்கும் ஜெகதீஸ்வரியின் பெயருக்கு வந்ததும் ராஜகுரு வாசிப்பதை நிறுத்திவிடுகிறார். விரல் அவசரமாகத் திரையை மூடப் பார்க்கிறது. "ஏன் மொதலாளி நிறுத்திட்டீக? என்னோடதையும் சத்தமா வாசிங்க," என்கிறாள் ஜெகதீஸ்வரி. கல்லாவிலிருந்து எழுந்துவரும் முதலாளியின் மனைவி கோகிலாம்பாள் அவர் கையைத் தட்டிவிட்டுக் குனிந்து, எழுத்துக்கூட்டி வாசிக்கிறாள்: "எம்மேல கை வைக்காத ராஜகுரு."