ஆத்தா இறங்கும் வீடு

"எங்க வம்சத்துல இதுவரைக்கும் ஒருத்தருக்கும் கேன்சர் வந்தது கெடையாது அண்ணாச்சி. சிவகாசியில யாரை வேணும்னாலும் கேட்டுக்கிடுங்க" என்றார் ராஜபாண்டியன்.

2006, மாசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை. கூடத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். பட்டாசுப் பெட்டிகளுக்கு லேபிள் அடிக்கும் அச்சகத்தின் முதலாளி ராஜபாண்டியன், அவர் மனைவி சொர்ணலட்சுமி, மகள் ரோஷினி. விருதுநகரில் பருப்பு மில் வைத்திருக்கும் ரத்தினசாமி, மதுரையில் நரம்பியல் மேற்படிப்புப் படிக்கும் அவர் மகன் டாக்டர் கதிரவன். கதிரவனுக்கு ரோஷினியைப் பேசி முடிக்க வந்திருந்தார்கள்.

ரத்தினசாமியின் மனைவி கேன்சரில் இறந்தவர். எங்கே சம்பந்தம் பேசப் போனாலும் அவர் முதலில் கேட்பது அதைத்தான்.

"அது போதும் அண்ணாச்சி. நகைநட்டெல்லாம் பெறகு. நீங்க சொன்னா நான் யாரைப் போயி விசாரிக்க? வாய்ச்சொல் மாறாத வீடுன்னு எங்க ஊரு வரைக்கும் பேரு இருக்கு."

"கேன்சர் எப்படி வரும்? ஆத்தா காவல் இருக்கிற வீடு இது" என்று ராஜபாண்டியன் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நாப்பதைத் தாண்டுனா எங்க வீட்டு ஆம்பளை மேல ஆத்தா இறங்கிருவா. எங்கய்யா மேல இறங்குனா. பெறகு எங்க அண்ணன் காளிராஜ் மேல. அண்ணன் போன பெறகு என் மேல. பங்குனிப் பொங்கலுக்கு எங்க தெரு மாரியம்மன் கோயில்ல மொதப் பரிவட்டம் எங்களுக்குத்தான்."

கதிரவன் காபி டம்ளரைக் கீழே வைத்தான்.

"மாமா, உங்க கூடத் தனியா ஒரு விஷயம் பேசணும்."

"எங்க வீட்டுல ஒளிவுமறைவு கெடையாது மாப்பிள்ள. இங்கனயே கேளுங்க."

"உங்க அண்ணன் கோயில்ல மட்டுந்தான் ஆடுவாகளா? சும்மா இருக்கப்பவும் கைகால் ஆடுமா?"

"சும்மா ஏது? அஞ்சாறு வருசம் கையும் காலும் ஓரிடத்துல நின்னதில்ல. நடந்தா தெரு அகலம் பத்தாது. கடைசியில பேச்சுக் கொளறி, சோத்தை முழுங்க முடியாமத்தான் போனாரு. எங்கய்யாவும் அப்படித்தான். ஆத்தா அம்புட்டு வேகமா இறங்குனா."

கதிரவன் அப்பாவை ஒரு முறை பார்த்துவிட்டுச் சொன்னான். "மாமா, கோவிச்சுக்கிடக் கூடாது. நீங்க சொல்றதைப் பாத்தா இது பரம்பரையா வர்ற நரம்பு நோய் மாதிரி இருக்கு. அந்த நோய் உள்ளவுகளுக்கு மத்தவுகளைவிடக் கேன்சர் கொறச்சலா வருதுன்னு வெளிநாட்டுல கணக்கெடுத்துச் சொல்லியிருக்காக. வரவே வராதுன்னு இல்ல, கொறவு. ஏன்னு இன்னும் சரியாத் தெரியல. கேன்சரே கெடையாதுன்னு நீங்க சொன்னப்ப ஒண்ணும் தோணல. அடுத்து ஆட்டத்தைச் சொன்னீக, அப்பத்தான் தோணுச்சு."

"நோயா?"

"பெத்தவுகள்ல ஒருத்தருக்கு இருந்தா, பிள்ளைக்கு வர்றதுக்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு. உங்களுக்கு இருந்தா ரோஷினிக்கும் அப்படித்தான். உங்களுக்கு இல்லைன்னா அவளுக்கும் பயமில்ல. ரத்தம் எடுத்து பெங்களூருக்கு அனுப்புனா தெரிஞ்சிரும்."

"பாதிக்குப் பாதியா?" ரத்தினசாமி எழுந்து துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "அண்ணாச்சி, தப்பா எடுத்துக்கிடாதீக. ஒருத்தியைக் கண்ணு முன்னால பறிகுடுத்தவன் நான். இந்தப் பேச்சை இத்தோட விட்டுருவோம்."

கதவோரம் நின்ற ரோஷினி கேட்டாள். "எனக்கும் பெரியப்பா மாதிரி வருமாப்பா?"

ராஜபாண்டியன் மகள் பக்கம் திரும்பவில்லை. "ஆத்தா இறங்குறதை நோய்ங்கிறாக. கேட்டுக்கிட்டு இருக்கணுமா நாம? டெஸ்ட்டும் கெடையாது, ஒண்ணும் கெடையாது. ஆத்தாளை ஊசி குத்திப் பாக்கவா?"

"போதும்" என்றாள் சொர்ணலட்சுமி. "புள்ள கேக்குறதுக்குப் பதில் சொல்லாம ஆத்தாளை எதுக்கு இழுக்குறீக?"

அவள் கதிரவனிடம் திரும்பினாள். "தம்பி, இவுக மேல ஆத்தா ஒரு நாளும் இறங்குனதில்ல. இவுக அண்ணன் காலமான வருசம், பரிவட்டம் பங்காளி வீட்டுக்குப் போயிரும்னு ரூம் கதவைச் சாத்திக்கிட்டு, பீரோக் கண்ணாடியைப் பாத்து ஆடிப் பழகுனாக. இப்பவும் பொங்கல் வந்தா ரெண்டு நாளைக்கு முந்தியே பழக ஆரம்பிச்சிருவாக. மத்த நாள்ல ஒரு வெரல் ஆடி நான் பாத்ததில்ல."

கதிரவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டான். "மாமாவுக்கு வயசு எம்புட்டு அத்தை?"

"அறுபத்து நாலு முடிஞ்சிருச்சு."

"இம்புட்டு வயசுக்கு ஒண்ணும் இல்லைன்னா நல்லதுதான். இருந்தாலும் டெஸ்ட் பாத்துரணும்."

ரத்தினசாமி நின்றுகொண்டே தலையை ஆட்டினார். "பழகி ஆடுனவுக நாளைக்கு உள்ளபடியே ஆட மாட்டாகன்னு என்ன நிச்சயம்? அண்ணனுக்கு வந்தது தம்பியை விட்டுருமா? கேன்சரே அண்டாத வம்சம்னு அவுக வாயாலயே சொல்லிட்டாகளே. அதுதானே நீ சொன்ன அடையாளம்?"

ரோஷினி முகத்தை மூடிக்கொண்டாள்.

ராஜபாண்டியன் எழுந்தார். சட்டைக் கையை முழங்கை வரை மடித்து, கதிரவன் முன் நீட்டினார். கை மரக்கட்டை போல நின்றது.

"ரத்தம் எம்புட்டு வேணுமோ எடுத்துக்கிடுங்க மாப்பிள்ள" என்றார். பிறகு ரத்தினசாமியிடம் திரும்பி, அதே குரலில் சொன்னார்.

"அண்ணாச்சி, உக்காருங்க. போன வருசம் ரெண்டு மாசம் நான் காசியில இருந்ததா ஊருக்குள்ள ஒரு பேச்சு உண்டு. அது பொய். கொடல்ல கேன்சர்னு வெட்டி எடுத்துட்டு, மதுரை ஆஸ்பத்திரியிலதான் கெடந்தேன்."